ராசாத்தி டாக்கீஸின் இரண்டாவது மணி

மணிச் சத்தம்தான் முதலில் வந்தது. தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு சுற்றுவதுபோல, கரகரவென்று, மூச்சு விடாமல், ஓட்டுக் கூரைகளைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பஸ் நிற்கும் புளியமரத்தைத் தாண்டி அது வந்தது. பின்வாசலில் ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்த சீனியம்மாள் என்னவென்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஊரிலிருந்த தறிகள் அத்தனையும் நின்றுவிட்டன. நல்லமங்கலத்தில் தறி நிற்பது என்றால் சாமானியமில்லை. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்கிற ஊர் அது. சந்துக்குச் சந்து, அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கமும் சாமி படத்துக்குப் பின்பக்கமும் தறி ஓடுகிற ஊர். இந்த ஊர்ப் பிள்ளைகள் தாய்ப்பாலுக்கு முன்னால் தறிச் சத்தத்தைத்தான் குடிக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். அதனால் சத்தம் நின்றபோது, தலையிலிருந்து யாரோ சுமையை இறக்கி வைத்தாற்போல, ஊரே ஒருமுறை கழுத்தை நிமிர்த்திக்கொண்டது.

வீட்டுக்குள் அவள் புருஷன் குருவையாவின் இருமலும் நின்றிருந்தது. அதுதான் சீனியம்மாளுக்குத் திக்கென்றது. பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு, இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்; அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது தறிக்காரர் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பாதியில் நின்ற இருமலை நினைத்துக்கொண்டு, பிழிந்த துண்டைக் கையிலேயே பிடித்தபடி அவள் உள்ளே ஓடினாள். அவள் புருஷன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, விரலால் தலையைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏ சீனி, இடைவேளை விட்டாச்சு. முறுக்கு வாங்கிட்டு வாரியா?"

"என்னங்க, என்ன செய்யுது?"

"என்ன செய்யுது? காலு மரத்துப்போச்சு. ஒரே எடத்துல கெடந்தா மரக்காதா?"

குரல் அவனுடைய பழைய குரல். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பேசித் தடித்துப்போன, கல்யாணமான புதிதில் அவளைத் தெருவில் வெட்கப்பட வைத்த, அந்தப் பெரிய குரல்.

அவள் வாசலுக்கு வந்து பார்த்தாள். தெரு நிறைய ஆட்கள். பக்கத்து வீட்டுச் சண்முகக்கனி, அடுப்பில் பொங்கி வந்த பால் நுரையும் குமிழியுமாகப் பாத்திர விளிம்பிலேயே நிற்க, அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். எதிர்ச்சாரியில் சுவர்த் தகராறில் தம்பியை வெட்டப்போன அண்ணன், ஓங்கிய மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தம்பிக்குச் சோடா வாங்கப் போனான். ஆண்கள் வரிசையாக முள்ளுக்காட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தார்கள். ராசாத்தி டாக்கீஸில் மேட்னி இடைவேளைக்குப் போடுகிற ரெக்கார்டுப் பாட்டு, எப்போதும் சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டிக் கேட்காத பாட்டு, அன்றைக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தனித்தனியாக நின்று பாடியது. முறுக்கு விற்கிற மாடக்கண்ணு தட்டைத் தோளில் ஏந்திக்கொண்டு, இத்தனை வருஷமும் தியேட்டருக்குள்ளேயே கூவிய குரலை முதல் தடவையாகத் தெருவில் எடுத்து விட்டார். "முறுக்கே... கடலே... முறுக்கே..." என்ன நடந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இடைவேளை விட்டால் எழுந்து போகத் தெரியாத ஆள் அந்த ஊரில் கிடையாது.

அப்புறம் இரண்டாவது மணி அடித்தது. பீடியைக் காலில் நசுக்கியவர்களும், கலர் பாட்டிலில் கடைசி வாயை அண்ணாந்து ஊற்றியவர்களும், படம் போட்டாச்சு படம் போட்டாச்சு என்று அவரவர் இடத்துக்கு ஓடினார்கள். சண்முகக்கனியின் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. மண்வெட்டி இறங்கியது. குருவையா மிச்ச முறுக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய், முன்பு எப்படிக் கிடந்தானோ அப்படியே ஒருக்களித்துப் படுத்து, பாதியில் விட்ட இருமலின் மறுபாதியை இருமினான்.

மறுநாளும் மேட்னி நடந்தது. மறுநாளும் இடைவேளை வந்தது. தியேட்டர் மணியின் கம்பி எதுவோ கரண்டுக் கம்பத்தில் உரசியிருக்கும் என்று சிலரும், காளியம்மனுக்கும் ஒருநாள் படம் பார்க்க ஆசை வந்திருக்கும் என்று சிலரும் டீக்கடையில் பேசினார்கள். பேச்சு டீ ஆறுகிற வரைக்கும்கூட நீளவில்லை. காரணத்தைத் தெரிந்துகொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள்? இன்றைக்கு மேட்னி உண்டா, படம் எத்தனை ரீல், இடைவேளை சீக்கிரம் வருமா என்பதுதான் ஊரின் கேள்வியாக இருந்தது. தறி முதலாளிகள் முதலில் குதித்தார்கள். ஒரு முதலாளி தானே தறிமேடையில் ஏறி, ஊடுநூல் கொண்டு ஓடுகிற நாடாவைக் கையால் தள்ளிப் பார்த்தார். நாடா பாவு நூலுக்கு நடுவே, தூங்குகிற பூனையைப்போல, அசையாமல் கிடந்தது. தள்ளித் தள்ளிக் களைத்தவர் சில நாள் கழித்து வீட்டுப் பரணிலிருந்து கேரம் போர்டை இறக்கித் துடைத்து, பவுடர் தூவி, தன்னிடம் தறி ஓட்டுகிறவர்களையே ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். அப்புறம் தெருவுக்குத் தெரு கேரம் போர்டு வந்தது. சீட்டுக்கட்டு வந்தது. பெண்கள் வாசற்படியில் தாயக்கட்டம் வரைந்தார்கள். தாயம் விழாதவர்கள் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். பட்டப்பகலில், கையில் வேலையில்லாமல், ரெக்கார்டுப் பாட்டைக் கேட்டுக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று நல்லமங்கலத்துப் பெண்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு அதைத் தாயம் விளையாடுவதைவிடப் பெரிய ஆட்டமாக ஆடினார்கள்.

இடைவேளையின் நடப்புகளையும் ஊர் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எதுவும் வேகாது, எதுவும் வளராது, எதுவும் வலிக்காது. வயிற்றுவலிக்காரன் சிரிப்பான், சண்டைக்காரிகள் ஒரே கிண்ணத்தில் கடலை தின்பார்கள், கோபம் ஆணியில் தொங்கும் சட்டையைப்போலக் காத்திருக்கும், மணி அடித்ததும் மாட்டிக்கொள்ளலாம். தோளில் கட்டுப்போட்ட தம்பி ஓர் இடைவேளையில் அண்ணனிடம் கேட்டான்: "சோடாவெல்லாம் வாங்கிக் குடுத்தியே, அப்பவாவது அந்த மண்வெட்டியக் கீழ வச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா?" அண்ணன் நிஜமான வருத்தத்தோடு சொன்னான்: "வைக்கணும்னுதான் தம்பி நெனச்சேன். ஆனா அது மொதப் பாதியில ஓங்குனதுல்ல. நா என்ன செய்யட்டும்?" தம்பிக்கும் அது நியாயமாகவே பட்டது. கட்டுப்போடாத கையால் ஸ்ட்ரைக்கரை எடுத்தான்.

ஒருமுறை பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது இடைவேளை வந்தது. பாடையைப் புளியமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு மேளக்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள். அழுத பெண்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டார்கள். செத்தவரின் மகன் மட்டும், அப்பாவும் எழுந்து காலை நீட்டிக்கொள்வார் என்று ஒரு டம்ளர் டீயோடு பாடைக்குப் பக்கத்திலேயே நின்றான். அவர் எழவில்லை. டீ ஆடை கட்டிப் பார்த்தவர்கள் யாருமில்லை, இடைவேளையில் எதுவும் ஆறாது. ஆனாலும் இரண்டாவது மணி அடித்தபோது அவன் அந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டான். "படம் முடிஞ்சு வீட்டுக்குப் போனவருக்கு இடைவேளை மணி கேக்குமாய்யா?" என்று வெட்டியான் அவன் தோளைத் தட்டினார். இந்தச் சேதி ஊரெல்லாம் பரவி சீனியம்மாளிடமும் வந்து சேர்ந்தது. கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவன் மூச்சை அவள் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மேட்னி என்பது கல்யாணமான நாள்முதல் இருந்த வழக்கம். வாரமெல்லாம் தறிமேடையில் நின்ற காலைத் தரை டிக்கெட்டு மணலில் நீட்டி உட்கார்ந்துதான் குருவையா ஆற்றுவான். படம் பிடித்துவிட்டால் விசிலடிப்பான், பிடிக்காவிட்டால் அதைவிடப் பலமாக அடிப்பான். ஆனால் சைக்கிள்மேல் அவனுக்கு உயிர். படம் விட்டதும் ஸ்டாண்டு நெரிசலில் ஹேண்டில்பார் கோணிக்கொள்ளும், பெல் மூடி காணாமல் போகும் என்று, கடைசிச் சண்டை ஆரம்பிக்கும்போதே எழுந்துவிடுவான். அத்தனை படம் பார்த்தும் சீனியம்மாள் ஒரு படத்தின் முடிவையும் பார்த்தது கிடையாது. "அப்புறம் என்னாகும்?" என்று கேரியரில் உட்கார்ந்தபடி கேட்பாள். "என்னாகும்? போலீசு வரும், எல்லாரும் வரிசையா நின்னு சிரிப்பாங்க. நீ சேலையச் சக்கரத்துல விட்டுராமப் பிடி" என்பான்.

இப்போது இடைவேளைதோறும் அவன் வாசற்படியில் உட்கார்ந்து அந்தப் படங்களையெல்லாம் திரும்ப ஓட்டினான். ரெக்கார்டோடு சேர்ந்து பாடினான். அடுத்த அடி மறந்துபோனால் தறியின் தாளத்தை வாயால் போட்டு ஒப்பேற்றினான். கேரம் ஆடுகிறவர்கள் "குருவையாண்ணே, ஒரு கை கொறையுது" என்று கூப்பிட்டால், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், சிவப்புக் காயைப் போட்டு, அதற்கு ஃபாலோவும் போட்டுவிட்டு, பையன்களைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினான். சீனியம்மாள் அவனுக்கென்று பார்த்துப் பார்த்து வைத்த அயிரை மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்து நீட்டினால், "இடைவேளையில யாராச்சும் சோறு திம்பாகளா? சிரிப்பாக புள்ள" என்று தட்டை ஒதுக்கி முறுக்கைத்தான் கேட்டான். தின்ற முறுக்கின் தெம்பும் மணி அடித்த பிறகு அவன் உடம்பில் போய்ச் சேரவில்லை. ஊர்க் கம்பவுண்டரை இடைவேளையில் இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள். அவர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "இவருக்கு ஒண்ணும் இல்லையேம்மா, குதிரை மாதிரி இருக்காரு" என்று சொல்லிவிட்டுச் சீட்டாடப் போனார். ஊசியும் போட்டார்; மருந்து போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்து, மணி அடித்த பிறகுதான் எழுந்து நடந்தது, அதற்குப் பிறகு அது எங்கே போய் என்ன செய்தது என்று தெரியவில்லை.

தன் நோயைப் பற்றி மட்டும் இடைவேளையில் அவன் ஒரு வார்த்தை பேசினதில்லை. திரையில் யாருக்கோ வந்த நோய்போல, அது அந்தப் பாதியில் நடக்கிற கதை, இப்போது அதைப் பேசி என்ன என்பதுபோல இருந்தான். அவளுக்கும் அந்தப் பேச்சை எடுக்க வாய் வரவில்லை. முறுக்கு தின்று சிரித்துக்கொண்டிருக்கிற மனுசனிடம் போய், நீ செத்துக்கொண்டிருக்கிறாய் என்று எப்படிச் சொல்ல?

அதனால் அவள் ஆபரேட்டரிடம் போனாள். ராசாத்தி டாக்கீஸின் ஆபரேட்டர் சம்மனசு, மெஷின் சூட்டிலேயே வயதானவர், இரும்புப் படிக்கட்டின் உச்சியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவள் கீழேயே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"யாரு, குருவையா வீட்டம்மாவா? என்ன தாயி?"

"அண்ணாச்சி, அந்த ரெண்டாவது மணியக் கொஞ்சம் தள்ளி அடிக்கலாமா?"

"எதுக்கு?"

"அவுக இன்னுங்கொஞ்சம் ஒக்காந்திருப்பாக."

சம்மனசு பீடியை அணைத்தார். "எனக்கு மட்டும் ஆசையில்லையா? எம் முட்டுவலி என்னைய விடுறதே அந்த நேரத்துலதான். ஆனா எதையாச்சும் ஓட்டணும்ல தாயி. வெறுந்திரையப் பாத்துக்கிட்டு எவன் இருப்பான்?"

"ஸ்லைடு இருக்குல்ல?"

"எல்லாம் பழைய ஸ்லைடு. இழுத்து மூடுன ஜவுளிக்கடை, செத்துப்போன பல் டாக்டரு."

"அதையே போடுங்க அண்ணாச்சி. இந்த ஊர்ல எவன் வெளம்பரத்தப் பாத்துப் பல்லக் காட்டப் போனான்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து மூடிய கடைகளும் இறந்த மருத்துவர்களும் ராசாத்தி டாக்கீஸின் திரையில் வரிசையாக வந்து கும்பிட்டார்கள். இடைவேளை கொஞ்சம் நீண்டது. கேரம் போர்டில் இன்னும் ஓர் ஆட்டம் நடந்தது. ஊருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. சீனியம்மாள் அந்த ஓர் ஆட்ட நேரத்தைக் கையில் பிடித்த தண்ணீரைப்போல வைத்துக்கொண்டு புருஷனுக்குத் தலை சீவிவிட்டாள், நகம் வெட்டிவிட்டாள், ஒரு பாட்டுக்கு ஆடியது எந்த நடிகை என்று அவனோடு சண்டை போட்டாள். வெட்டிய நகம் மணி அடித்ததும் விரலில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டு இடைவேளைகளுக்கு நடுவே இருந்த நேரமோ நாளுக்கு நாள் மோசமானது. ஒரு காலையில் சீனியம்மாளுக்கு அது தெரிந்துவிட்டது. உள்ளே போகிற மூச்சுக்கும் வெளியே வருகிற மூச்சுக்கும் நடுவில், ஓர் ஆள் வந்து உட்கார்ந்து எழுந்து போகலாம்போல அத்தனை இடம் இருந்தது. அவள் கொண்டையைக்கூட முடியாமல் தியேட்டருக்கு ஓடினாள். மேட்னிக்குக் கூட்டம் நுழைந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை இரும்புப் படிகளில் ஏறியே போய்விட்டாள்.

"இன்னைக்கி அடிக்காதீக, அண்ணாச்சி."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்க படத்தையே மறந்துருங்க."

சம்மனசு அவள் முகத்தைப் பார்த்தார். தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நா மறந்துருவேன் தாயி. இந்தக் கை மறக்காது. எவனாவது ரெண்டு வெரல வாயில வச்சு விசிலடிச்சான்னா, தானா பொத்தானுக்குப் போயிரும். வாலிப வயசுலருந்து பழக்கம். தூக்கத்துலகூடப் போயிருக்கு."

"எவன் விசிலடிக்கப் போறான்? ஊரே தெருவுல வெளையாண்டுக்கிட்டிருக்கு."

"அதுஞ் சரிதான்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்தவள் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, முருங்கைக்கீரைக் கொத்தைச் சுளகில் போட்டுக்கொண்டு இலைகளை உருவத் தொடங்கினாள். கை எதையாவது செய்துகொண்டிருந்தால்தான் காது பொறுக்கும்போல இருந்தது. பக்கத்து வீட்டில், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த சண்முகக்கனியின் மகள் கலாவதிக்கு வலி கண்டிருந்தது. அந்தக் கூச்சல் சுவரைத் தாண்டி வந்தது, தறிகள் ஓடின, இங்கே குருவையாவின் மூச்சு ஒன்று உள்ளே போனது, போய் அங்கேயே நின்றது. சீனியம்மாள் ஒரு கொத்தின் காம்பைப் பிடித்தபடி காத்திருந்தாள். அப்போது மணி அடித்தது.

"மரத்துப்போச்சு புள்ள" என்று அவன் எழுந்து உட்கார்ந்தான்.

அந்த இடைவேளையைப்போல ஓர் இடைவேளையை நல்லமங்கலம் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. வெயில் சுவரில் ஏறிய இடத்திலேயே சாய்ந்து நின்றது. தியேட்டருக்குள்ளிருந்தவர்களும் ஸ்லைடு பார்த்துச் சலித்துத் தெருவுக்கு வந்து ஆட்டங்களில் கலந்துகொண்டார்கள். ரெக்கார்டு முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, எல்லோருக்கும் எல்லாப் பாட்டும் பாடமாகிவிட்டது. மாடக்கண்ணுவின் தட்டு காலியாகி, அடுத்த தட்டும் காலியானது. கேரத்தில் தோற்றவர்கள் ஜெயித்து, ஜெயித்தவர்கள் தோற்று, யாருக்கு யார்மேல் பாக்கி என்பது எல்லோருக்கும் மறந்துபோயிற்று. கலாவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள், வலி போன சந்தோஷத்தில் கலர் வாங்கிக் குடித்தாள், வாசற்படியில் உட்கார்ந்து தாயம்கூடப் போட்டாள். ஆனால் ஆட்டம் நீள நீள அவள் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கட்டத்தைக் கலைத்துவிட்டு, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

சண்முகக்கனி சீனியம்மாளிடம் வந்தாள். "ஏ மதினி, என்ன இது இன்னைக்கி? இவளுக்கு வலி வந்து பாதியில நிக்குது. தலை எறங்கிருச்சுன்னு நர்சம்மா சொன்னா. இப்ப அந்த நர்சம்மா அங்க சீட்டாடிக்கிட்டிருக்கா. உள்ள இருக்குற சிசு அசையவே மாட்டேங்குதாம். இப்பிடியே எம்புட்டு நேரந்தான் கெடக்கும்?"

சீனியம்மாள் கலாவதியைப் பார்த்தாள்.

"வலிக்கணும் அத்தை" என்றாள் கலாவதி. வலிக்காத முகத்தோடு, பயத்தில் கண் விரிந்து, திரும்பவும் சொன்னாள்: "எனக்கு வலிக்கணும்."

சீனியம்மாள் தெருக்கோடியைப் பார்த்தாள். அங்கே கேரம் போர்டைச் சுற்றி நின்ற கூட்டத்துக்குள் அவள் புருஷனுடைய பெரிய குரல் யாரையோ நக்கலடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. "முறுக்கு தீந்துபோச்சாம், நா போயி எங்கயாச்சும் பாத்து வாங்கிட்டு வாரேன்" என்று சண்முகக்கனியிடம் பொய் சொல்லிவிட்டு அவள் தியேட்டரைப் பார்த்து நடந்தாள். போய் என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அடித்துவிடுங்கள் என்று சொல்லப் போகிறாளா, இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சப் போகிறாளா? நடக்கும்போது ஒரு காலுக்கு ஒன்றும் மறுகாலுக்கு இன்னொன்றும் தோன்றியது. வலித்தாலாவது அழலாம், இடைவேளையில் நெஞ்சும் வலிக்கவில்லை. வலிக்காத நெஞ்சோடு ஒரு முடிவுக்கு வருவது எப்படி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. புளியமரத்தைத் தாண்டினாள். தியேட்டரின் தகரக்கூரை தெரிந்தது.

அப்போது பின்னாலிருந்து அந்த விசில் வந்தது.

அவளுக்குத் தெரியாத விசிலா அது? இரண்டு விரலை மடித்து நாக்கின் கீழே வைத்து, முதலில் தட்டையாகப் புறப்பட்டு, அப்புறம் ராக்கெட்டைப்போல ஏறி, ஏறிய இடத்திலேயே நின்று நடுங்குகிற விசில். இந்த விசிலுக்கு வேண்டிய மூச்சு அவன் நெஞ்சில் இல்லாமல்போய் எத்தனையோ வருஷம். கேட்டவுடன் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது, நிஜமான சந்தோஷம், நடுத்தெருவில் நின்று, அவள் வாய் நிறையச் சிரித்தேவிட்டாள். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அவளுக்குப் புரிந்தது.

அவன் வேறொன்றும் நினைத்துச் செய்யவில்லை. கடைசிக் காயையும் போட்டு ஆட்டத்தை முடித்துவிட்டு, கையில் ஒட்டிய பவுடரைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தான்; இடைவேளை வழக்கத்தைவிட நீள்வதாகத் தோன்றியது; தரை டிக்கெட்டில் வளர்ந்த மனுசன் என்ன செய்வானோ அதைச் செய்தான். "என்னப்பா, ஆபரேட்டரு தூங்கிட்டாரா? படத்தப் போடச் சொல்லுங்கப்பா!" என்று கத்திவிட்டு மறுபடியும் விரலை வாயில் வைத்தான். பக்கத்திலிருந்தவன் சிரித்துக்கொண்டே தானும் வைத்தான். தோளில் கட்டுப்போட்டவன் ஒற்றைக் கையால் வைத்தான். சீட்டுக்காரர்கள் வைத்தார்கள், முதலாளி வைத்தார், தெருவுக்குத் தெரு அது தொற்றிக்கொண்டது. எதற்கு அவசரம் என்று யாருக்கும் தெரியாது, படம் நிற்கிறது, விசிலடிக்க வேண்டும், அவ்வளவுதான். நல்லமங்கலம் முழுக்க ஒரே விசிலாகி ராசாத்தி டாக்கீஸின் இரும்புப் படிகளில் ஏறியது.

"வேண்டாம்" என்று சீனியம்மாள் கத்தினாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

மணி அடித்தது.

சம்மனசு அப்போது தன் இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார் என்று பார்த்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். மணி அடித்ததும் கால்கள் எல்லாம் திரும்பின; அவளுடைய கால்களும் திரும்பின. தியேட்டரைப் பார்த்து ஓட நினைத்தவள், வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் குருவையா எதிர்ப்பட்டான். லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டைட்டிலைத் தவறவிட்டவனைப்போல அவசரமாக வந்தான்.

"எங்க புள்ள போன? வா வா, ஆரம்பிச்சிருவான்."

"நில்லுங்க."

"நிக்கவா? படம் போட்டாச்சுடி!"

அவன் சட்டையைப் பிடித்து நிறுத்துவதற்கு அவள் கை நீண்டது. பிடித்தும் விட்டாள். ஆனால் பிடித்த கையோடு அவளும் ஓடிக்கொண்டிருந்தாள். யார் யாரை இழுக்கிறார்கள் என்று தெரியாமல் இருவரும் ஒரே வேகத்தில் வாசற்படியில் ஏறினார்கள். கட்டிலில் அவன் ஒருக்களித்துப் படுத்தான். தலையணையைச் சரியாக்கிக்கொண்டான். காலை இழுத்து, முன்பு மடக்கியிருந்தபடியே மடக்கினான். அவள் கால்கள் அவளைத் தரையில் உட்கார வைத்தன. கை தானாகச் சுளகுக்குப் போய் அந்தக் கொத்தின் காம்பைப் பிடித்தது. கடைசி ஆளும் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பான். ஊர் ஒரு கணம் சும்மா இருந்தது.

அப்புறம் தறிகள் ஓடின. உள்ளே போய் நின்றிருந்த மூச்சு வெளியே வந்தது. நிதானமாக, ஒன்றையும் மிச்சம் வைக்காமல் வந்து முடிந்தது. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கலாவதி வீறிட்டாள், மறுபடி வீறிட்டாள், நர்சம்மா எதையோ சொல்லி அதட்டினாள், அதன் பிறகு, தறிச் சத்தத்துக்கு நடுவே, புதுக்குரல் ஒன்று கேட்டது.

"ஏ மதினி! பொண்ணு! பொண்ணு பொறந்திருக்கு!" என்று சண்முகக்கனி சுவரைத் தட்டிக் கத்தினாள். "இருக்கியா மதினி?"

"இருக்கேன்" என்றாள் சீனியம்மாள்.

எழுந்து வாசலுக்கு ஓடி, தலையிலடித்துக்கொண்டு ஊரைக் கூப்பிட வேண்டும். அவள் அவன் கண்ணை மூடினாள். விலகியிருந்த போர்வையை நெஞ்சுவரைக்கும் இழுத்துவிட்டாள். அந்தப் பக்கம் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. கொஞ்சம் அழட்டும், நாம் அப்புறம் அழுதுகொள்ளலாம் என்றிருந்தது. சுளகில் பாதிக் கீரைக்குமேல் அப்படியே கிடந்தது. அவள் மறுபடி தரையில் உட்கார்ந்து, ஒரு கொத்தை எடுத்து, காம்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இலைகளைக் கீழ்நோக்கி உருவ ஆரம்பித்தாள்.